குட்டிக் காருக்குள் 40,000 சுற்று!



எங்கள் இரும்பையிலிருந்து கிழக்கே போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். வடக்கே திரும்பி, கூனிமேடு, அனுமந்தை எல்லாம் தாண்டினால் மரக்காணம் வரும். அங்கே பாத்தி பாத்தியாக உப்பளம். வெயில் காலத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கும். இப்போது பல இடங்களில் மின்சார மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் உப்பளத்திலோ, மணிலாக் கொல்லையிலோ பழைய ஆயில் இன்ஜின் ஓடினால் தூரத்திலேயே காதில் விழும். 'டக்... டக்... டக்...' என்று ஆற அமர அடிக்கும் சத்தம். ஒவ்வொரு அடியையும் எண்ணிவிட முயலலாம்.

இன்னொரு இன்ஜின் இருக்கிறது. உங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். ரிமோட் பந்தயக் காருக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் சத்தத்தை எண்ணவே முடியாது. ஆயிரம் கொசுக்கள் சேர்ந்து ஒலிபெருக்கியில் பாடுவதுபோல 'ஙொய்ய்ய்ங்' என்று அலறும். ஏன் தெரியுமா? அந்தக் குட்டி இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுமார் 40,000 தடவை சுற்றுகிறது!

பொம்மைக் கடையில் வாங்கும் பேட்டரி கார் என்று நினைத்துவிடாதீர்கள். இவை நிஜமாகவே எரிபொருள் ஊற்றி ஓட்டும் கார்கள். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. சமதளப் பாதையில் ஓடும் வகை ஏறக்குறைய இரண்டரை கிலோ எடைதான். ஆனால் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும். இவற்றுக்கு உலகச் சாம்பியன் போட்டிகூட உண்டு.

ஆயில் இன்ஜின் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது? குட்டி இன்ஜின் ஏன் பறக்கிறது? இதைச் செய்தவர்கள் எதை எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு இன்ஜின்களின் ஜாதகம்

முதலில் ஆயில் இன்ஜின். இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜினை மாதிரியாக வைத்து, குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஏராளமான இன்ஜின்கள் செய்யப்பட்டன. அந்த வகையில் பெயர்பெற்ற ஓர் இன்ஜினின் அளவுகள் இவை. சிலிண்டரின் உள் அகலம் 114 மில்லி மீட்டர். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 140 மில்லி மீட்டர். கொள்ளளவு சுமார் 1,430 சி.சி. நிமிடத்துக்கு 650 சுற்று. திறன் 6 குதிரைத்திறன்.

அடுத்து ரிமோட் கார் இன்ஜின். எட்டில் ஒரு பங்கு கார்களுக்கான பந்தய விதிப்படி கொள்ளளவு 3.5 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. மருந்து குடிக்கும் சிறிய தேக்கரண்டியில் பிடிக்கும் அளவைவிடக் குறைவு! இந்த வகை இன்ஜின் ஒன்றில் சிலிண்டரின் அகலம் 16.3 மில்லி மீட்டர். பிஸ்டன் போகும் தூரம் 16.8 மில்லி மீட்டர். திறனோ இரண்டு குதிரைத்திறனுக்கும் மேல் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

கவனித்தீர்களா? ஆயில் இன்ஜின் 400 மடங்கு பெரியது. ஆனால் அதன் திறன் 400 மடங்கு இல்லை. மூன்று மடங்குகூட இல்லை! அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவது எது? சுற்று வேகம்தான். ஒரு தடவையில் கொஞ்சம்தான் வேலை செய்தாலும், நிமிடத்துக்கு 40,000 தடவை செய்தால் பெரிய வேலை ஆகிவிடுகிறது. சிறுதுளி பெருவெள்ளம்!

தண்ணீர் பாட்டில் சோதனை

வேகமாகச் சுற்றினால் திறன் கூடும் என்றால், பெரிய இன்ஜினையும் வேகமாகச் சுற்ற விட வேண்டியதுதானே? ஏன் விடுவதில்லை?

இதற்கு விடை காண ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிறைத்து, மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து, ஒரு முழ உயரத்துக்கு மேலும் கீழும் ஆட்டுங்கள். 10 நொடியில் எத்தனை தடவை ஆட்ட முடிகிறது என்று நண்பன் எண்ணட்டும். பிறகு அதே பாட்டிலை நான்கு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஆட்டுங்கள். எண்ணிக்கை ஏறும். கடைசியாக, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை அதே நான்கு விரற்கடைக்கு ஆட்டுங்கள். எண்ணிக்கை இன்னும் ஏறும்.

கையை வலிக்க வைத்தது எது? பாட்டிலை மேலே கொண்டுபோவது மட்டும் இல்லை. மேலே போனதை நிறுத்தி, திருப்பி, கீழே இழுப்பதுதான் பெரிய வேலை. பிஸ்டனுக்கும் இதே கதைதான். அது ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை என இரண்டு தடவை நின்று திரும்புகிறது.

சோதனையில் இரண்டு பாடம் கிடைத்தது. போகும் தூரம் குறைந்தால் வேகமாக ஆட்டலாம். எடை குறைந்தால் இன்னும் வேகமாக ஆட்டலாம். அதிவேக இன்ஜின் செய்பவர்களின் முதல் இரண்டு தேர்வுகளும் இவைதாம்: குறுகிய ஓட்டம், குறைந்த எடை.

கணக்கு நோட்டை எடுங்கள்!

பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சுற்றில் பிஸ்டன் ஒரு தடவை மேலே போய், ஒரு தடவை கீழே வருகிறது. ஆகவே ஓட்டத் தூரத்தை 2 ஆல் பெருக்குங்கள். அதை நிமிடச் சுற்றால் பெருக்கி, 60 ஆல் வகுங்கள். நொடிக்கு எவ்வளவு தூரம் என்று வந்துவிடும்.

ஆயில் இன்ஜின்: 0.14 மீட்டர் x 2 x 650 ÷ 60. விடை, நொடிக்குச் சுமார் 3 மீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகும் வேகம்.

குட்டி இன்ஜின்: 0.0168 மீட்டர் x 2 x 40,000 ÷ 60. விடை, நொடிக்கு 22.4 மீட்டர். அதாவது மணிக்கு 80 கிலோ மீட்டர்! இரண்டு சென்டி மீட்டர்கூட இல்லாத இடத்துக்குள் இந்த ஓட்டம்!

இப்போது ஒரு பெரிய ஆளைப் பார்ப்போம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினாரே, நினைவிருக்கிறதா? ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அதற்கு அடுத்த ஆண்டு, 2006ல், ஃபார்முலா ஒன் கார்களுக்கு 2,400 சி.சி., எட்டு சிலிண்டர் இன்ஜின் வந்தது. அதன் பிஸ்டன் ஓட்டம் சுமார் 40 மில்லி மீட்டர். 2009 முதல் 2013 வரை அதற்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று வரம்பு இருந்தது. கணக்குப் போடுங்கள். நொடிக்கு 24 மீட்டர் வருகிறதா?

ஆச்சரியமாக இல்லையா? உள்ளங்கையில் அடங்கும் இன்ஜினும் ஃபார்முலா ஒன் இன்ஜினும் பிஸ்டன் வேகத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன! நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இன்ஜின்கள் அபூர்வம். உலோகத்தின் பலமும், எண்ணெயின் வழவழப்பும் அதற்கு மேல் எளிதில் இடம் கொடுப்பதில்லை. குட்டி இன்ஜினின் ஓட்டம் சிறியது. அதனால் அதே வரம்புக்குள் அதிகச் சுற்று சுற்ற முடிகிறது. பெரிய இன்ஜினுக்கு ஓட்டம் நீளம். அதனால் குறைந்த சுற்றிலேயே வரம்பு வந்துவிடும்.

எறும்பு கற்றுத் தரும் பாடம்

சிறியதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் எடை 8 மடங்கு ஆகும். ஆனால் அதன் குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் ஆகும். தாங்கும் பலம் இந்தக் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆக, பெரியதாக ஆக ஆக எடை முந்திக்கொள்ளும், பலம் பின்தங்கும். எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கு சுமப்பதும், யானையால் அப்படி முடியாததும் இதனால்தான். இத்தாலிய விஞ்ஞானி கலீலியோ 1638லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

சிறிய பிஸ்டனாக இருந்தாலும் அது படும் பாட்டைக் கேளுங்கள். 40,000 சுற்றில், உச்சியில் நின்று திரும்பும் கணத்தில், பிஸ்டன் மீது புவியீர்ப்பைப் போல 15,000 மடங்குக்கு மேல் இழுவை விழுகிறது. பிஸ்டன் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிராமை 15,000 ஆல் பெருக்கினால் 60 கிலோ! ஒரு பெரியவர் தொங்குவதைப் போன்ற பாரம், மெல்லிய கனெக்டிங் ராடு மீது நொடிக்கு 667 தடவை விழுகிறது. பிஸ்டனில் ஒரே ஒரு கிராம் கூடினாலும் 15 கிலோ பாரம் கூடிவிடும். சுற்று வேகத்தை இரு மடங்காக்கினாலோ, இழுவை நான்கு மடங்காகும்.

அதனால்தான் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். விலை உயர்ந்த இன்ஜின்களில் பேரிங் குண்டுகள்கூட எஃகில் இல்லை. எஃகைவிட லேசான, உறுதியான செராமிக் குண்டுகளைப் போடுகிறார்கள்.

நான்கா, இரண்டா?

ஆயில் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக் வகை. காற்றை இழு, அமுக்கு, எரி, புகையைத் தள்ளு என்று நான்கு ஓட்டத்துக்கு ஒரு தடவைதான் எரியும். அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு 'டக்'. மீதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்க, பக்கத்தில் உள்ள கனமான சக்கரம் உதவுகிறது.

ரிமோட் கார் இன்ஜின் டூ ஸ்ட்ரோக் வகை. உங்கள் தாத்தா டி.வி.எஸ். 50 வண்டி ஓட்டியிருந்தால் அவரைக் கேளுங்கள். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றிய கதையைச் சொல்வார். அதுவும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை எரியும். சிலிண்டரின் பக்கச் சுவரில் ஜன்னல்கள் இருக்கும். பிஸ்டனே மேலும் கீழும் போய் அவற்றை மூடித் திறக்கும்.

இதில் ஒரு பெரிய வசதி. திறந்து மூடும் வால்வுகளும், அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளும் தேவையில்லை. அதிவேகத்தில் ஸ்பிரிங்குக்கு மூச்சு வாங்கும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்துவிடும். இதற்காகவே ரெனோ நிறுவனம் 1986ல் ஃபார்முலா ஒன் இன்ஜினில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அடைத்த காற்றால் வால்வை மூடும் முறையைக் கொண்டுவந்தது. குட்டி இன்ஜினுக்கு அந்தத் தலைவலியே இல்லை. வால்வு இருந்தால்தானே பிரச்சினை?

ஆனால் விலை என்ன? ஜன்னல்கள் திறந்திருக்கும்போது புதிதாக வந்த எரிபொருளில் கொஞ்சம் எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். சிக்கனம் போய்விடும். புகையும் அதிகம்.

வளையம் இல்லாத பிஸ்டன்

பெரிய இன்ஜின்களின் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும். எரியும் வாயு இடுக்கு வழியாகக் கசியாமல் அவை தடுக்கும். ஆனால் வளையம் உரசும், வேகத்தைக் குறைக்கும். 40,000 சுற்றில் உடைந்தும் போகலாம். ஆகவே ரிமோட் பந்தய இன்ஜினில் வளையத்தையே விட்டுவிட்டார்கள்!

பிறகு கசிவை எப்படித் தடுப்பது? இங்கேதான் புத்திசாலித்தனம். சிலிண்டருக்குள் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் உட்புறம் குரோமியம் போன்ற கடின உலோகத்தைப் பூசுகிறார்கள். பிஸ்டன், சிலிக்கான் கலந்த அலுமினியம். குழாயின் மேல்முனை சற்றே குறுகியிருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கையால் சுற்றினால் நகரவே அடம்பிடிக்கும்.

இன்ஜின் சூடானதும் என்ன ஆகும்? நெருப்பு எரியும் மேல்முனைதான் அதிகம் சூடாகும். அங்கே பித்தளை நன்றாக விரியும். குறுகியிருந்த இடம் அகன்று, பிஸ்டனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். வெப்பத்தால் உலோகம் விரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்தீர்களே, அதைக் கொண்டே கசிவை அடைத்துவிட்டார்கள்!

இதற்கும் விலை உண்டு. புது இன்ஜினை எடுத்ததும் பறக்க விடக் கூடாது. முதலில் நன்றாகச் சூடேற்றி, பொறுமையாக ஓட்டிப் பழக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை விரட்டினால் பிஸ்டனும் குழாயும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும்.

பொறி இல்லாமல் நெருப்பு

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டும். அதற்கு காயில், பேட்டரி என்று பெரிய குடும்பமே வேண்டும். குட்டிக் காரில் அதற்கு இடமும் இல்லை. எடை தாங்கவும் முடியாது. நொடிக்கு 667 தடவை சரியான நேரத்தில் பொறி தட்டுவதும் எளிதில்லை.

1947ல் அமெரிக்காவின் ரே ஆர்டன் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். அதுதான் க்ளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருள் கம்பி இருக்கும். முதலில் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்கச் சிவக்கச் சூடேற்ற வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். எப்படி? எரிபொருளில் உள்ள மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டதும் வேதிவினை நடந்து வெப்பம் பிறக்கும். பிளாட்டினம் அங்கே வினையூக்கி. முந்தைய சுற்றில் எரிந்த சூடும் சேர்ந்துகொள்ளும். பொறி தட்ட வேண்டிய வேலையே இல்லை!

விளக்கெண்ணெய் குடிக்கும் கார்

இந்தக் காருக்குப் பெட்ரோல் ஊற்றுவதில்லை. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள்தான் ஊற்றுகிறார்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோதான்! ஏனென்றால் அது தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைக் கட்டுச்சோறுபோலக் கொண்டுவருகிறது. சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அளவு மாறாது. அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிந்தால் அதிகத் திறன் கிடைக்கும். மெத்தனால் ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அதுபோல.

எண்ணெய் எது தெரியுமா? வயிற்றைச் சுத்தம் செய்யப் பாட்டி கொடுக்கும் விளக்கெண்ணெய்! ஆமணக்கு விதையிலிருந்து எடுப்பது. அது மெத்தனாலில் நன்றாகக் கரையும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும். இன்று செயற்கை எண்ணெயும் சேர்க்கிறார்கள். 1909ல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து பிறந்ததுதான். உலகிலேயே ஆமணக்கை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா.

செல்வங்களே, இங்கே ஒரு நிமிடம் நிதானமாகக் கேளுங்கள். மெத்தனால் கொடிய விஷம். சிறிதளவு உடலுக்குள் போனாலும் கண் பார்வை போகும், உயிரே போகும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கடலையும் உழைப்பையும் நம்பி வாழ்ந்த வீடுகள் இருண்டு போயின. மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர்கூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே இந்த எரிபொருளைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். கையுறை அணிந்து, திறந்தவெளியில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. உங்கள் தம்பி, தங்கை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டால்? நினைத்துப் பாருங்கள்.

எதிரொலி செய்யும் வேலை

டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் எரிபொருள் எரியாமல் வெளியே ஓடிவிடும் என்று சொன்னேன் அல்லவா? அதைப் பிடித்து உள்ளே தள்ள ஒரு காவல்காரர் இருக்கிறார். அவர்தான் புகைக்குழாய்!

கிணற்றுக்குள் 'ஓ' என்று கத்தினால் எதிரொலி வருகிறதல்லவா? புகை ஜன்னல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாயின் மறுமுனை கூம்பாகக் குறுகியிருக்கும். அலை அங்கே மோதித் திரும்பி வருகிறது. சரியாக ஜன்னல் மூடும் நேரத்தில் வந்து சேர்ந்தால், வெளியே ஓடப் பார்க்கும் புது எரிபொருளை 'உள்ளே போ!' என்று தள்ளிவிடும்.

குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 40,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் ஒன்றரை பங்கு நொடி. ஏறக்குறைய அரைச் சுற்று நேரம்தான் ஜன்னல் திறந்திருக்கும். அதாவது ஆயிரத்தில் முக்கால் பங்கு நொடி. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு நேரத்தில் 37 சென்டி மீட்டர். போக ஒரு பாதி, வர ஒரு பாதி. ஆக, அலை மோதும் இடம் சுமார் 19 சென்டி மீட்டரில் இருக்க வேண்டும். ஒரு சாண்!

30,000 சுற்றில் நன்றாக இழுக்க வேண்டும் என்றால்? கணக்குப் போட்டால் 25 சென்டி மீட்டர் வரும். குறைந்த சுற்றுக்கு நீளக் குழாய், அதிகச் சுற்றுக்குக் குட்டைக் குழாய். ஒரே குழாய் எல்லாச் சுற்றுக்கும் பொருந்தாது. அதனால்தான் இந்த இன்ஜின்கள் குறிப்பிட்ட சுற்று வந்ததும் திடீரென்று பேய் பிடித்ததுபோலப் பாயும். அதற்குக் கீழே சோம்பேறியாக இருக்கும்.

மேடு பள்ளமா, சமதளமா?

பந்தயக் கார்களிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, வழவழப்பான தார்ப்பாதையில் ஓடுவது. நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகம் வேண்டும். அதற்குப் புகை ஜன்னலைச் சற்று உயரமாக வெட்டி, சீக்கிரம் திறக்கும்படி செய்வார்கள். புகை வெளியேற நேரம் கிடைக்கும். குட்டைக் குழாய் போடுவார்கள்.

மற்றொன்று, மண் தடத்தில் மேடு பள்ளம் தாவி ஓடுவது. வளைவைவிட்டு வெளியே வந்ததும் மண்ணில் வழுக்காமல் இழுக்க வேண்டும். அதற்குக் கீழ்ச் சுற்றில் பலம் தேவை. ஜன்னலைச் சற்றுத் தாழ்த்துவார்கள். நீளக் குழாய் போடுவார்கள். கார்புரேட்டரின் வாய்க்குள் சிறிய வளையம் ஒன்றைச் செருகி, காற்று நுழையும் வழியைக் குறுக்குவார்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் எரிபொருள் மிச்சமாகும்.

எரிபொருள் மிச்சமானால் என்ன லாபம்? இந்தக் கார்களின் டாங்கில் பிடிப்பது 125 மில்லி லிட்டர்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காரை ஓரம் கட்டி ஊற்ற வேண்டும். நீண்ட பந்தயத்தில் எதிராளியைவிட ஒரு தடவை குறைவாக நிறுத்தினால் அதுவே வெற்றியைத் தேடித் தரும். அதிவேக இன்ஜின் வைத்தவர் தோற்பதும், சிக்கன இன்ஜின் வைத்தவர் ஜெயிப்பதும் உண்டு!

உப்பளத்துக்கு எது?

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். 400 மடங்கு சிறிய இன்ஜின் இவ்வளவு திறன் தருகிறதே. மூன்று குட்டி இன்ஜினை வரிசையாக வைத்து உப்புநீர் இறைத்தால் என்ன?

இறைக்கலாம். எவ்வளவு நேரம்? பந்தயக்காரர்கள் தங்கள் இன்ஜினின் ஆயுளை ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை. எத்தனை லிட்டர் எரிபொருள் குடித்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குள் கனெக்டிங் ராடு, பேரிங், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டி வரும். எரிபொருள் விலையும் அதிகம். பக்கத்தில் நிற்பவர் காதும் செவிடாகும். உப்பளத் தொழிலாளி கொளுத்தும் வெயிலில், உப்புக் காற்றில், காலெல்லாம் வெடிக்க நின்று வேலை செய்கிறார். அவருக்கு வேண்டியது விடியற்காலையில் சுற்றிவிட்டால் தொடர்ந்து ஓடும் இன்ஜின். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் சரிசெய்யக்கூடிய இன்ஜின். ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இன்ஜின். நொடிக்கு 3 மீட்டர் என்ற பிஸ்டனின் நிதான நடைதான் அந்த ஆயுளைத் தருகிறது.

மெதுவாகச் சுற்றுவதால் ஆயில் இன்ஜின் மட்டம் என்று சொல்ல முடியுமா? சீக்கிரம் தேய்வதால் பந்தய இன்ஜின் உதவாக்கரை என்று சொல்ல முடியுமா? இரண்டையும் செய்தவர்கள் கெட்டிக்காரர்களே. ஒருவர் வேகத்தை வாங்க ஆயுளை விலையாகக் கொடுத்தார். மற்றவர் ஆயுளை வாங்க வேகத்தை விலையாகக் கொடுத்தார். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், "இது எதைத் தருகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள்?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை பாதி இன்ஜினியர் ஆகிவிட்டது என்று பொருள்!

பிஸ்டனே இல்லாவிட்டால்?

நின்று திரும்புவதுதான் பிஸ்டனுக்குத் தொல்லை என்றால், நின்று திரும்பாத ஒன்றைச் செய்தால்? அதுதான் மின்சார மோட்டார். அது ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று ரிமோட் கார்களில் பெரும்பாலானவை பேட்டரியிலும் மோட்டாரிலும்தான் ஓடுகின்றன. புகை இல்லை, விஷ எரிபொருள் இல்லை, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை. ஆனால் பேட்டரி கனம். தீர்ந்தால் அரை நிமிடத்தில் ஊற்றி நிரப்ப முடியாது. சார்ஜ் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தவறாகச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். பாருங்கள், இங்கேயும் ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

உங்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 100 சி.சி. பைக் ஒன்றின் பிஸ்டன் ஓட்டம் 49.5 மில்லி மீட்டர். அது முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில். அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் என்ன? அது ஆயில் இன்ஜின் பக்கம் நிற்கிறதா, பந்தய இன்ஜின் பக்கம் நிற்கிறதா? ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள்? முதல் கேள்விக்கு விடை கீழே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் நீங்களே யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

(விடை: நொடிக்கு 13.2 மீட்டர்)